கார்ட்டூன் படத்தில் கெட்டவன் மட்டும் ஏன் வேறு மாதிரிப் பேசுகிறான்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

விஸ்காம் டீச்சர், திருச்சி:

கல்லூரியில் ஊடக விமர்சனம் எடுக்கிறேன். டிஸ்னியின் ‘அலாதீன்’ (1992) படத்தை ஆங்கிலத்தில் ஓடவிட்டு, சந்தைக் காட்சி முடியும்வரை யாரும் திரையைப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிடுவேன். காதால் மட்டும் கேட்டு, யார் நல்லவன், யார் கெட்டவன் என்று எழுத வேண்டும். படத்தைப் பார்த்தே இராத பிள்ளைகள்கூட ஏறக்குறைய சரியாக எழுதிவிடுகிறார்கள். நாயகன் அலாதீனும் இளவரசி ஜாஸ்மினும் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி பேசுகிறார்கள். காவலர்களும் வியாபாரிகளும் அரபு வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் கத்துகிறார்கள். எல்லாரும் கதை நடக்கும் அதே அக்ரபா ஊரில் வளர்ந்தவர்கள்தானே? வில்லன் அமைச்சன் ஜாஃபர் ஒரு விதிவிலக்கு. அவனுக்கு இங்கிலாந்து நாடகமேடைக் குரல். ஹாலிவுட்டில் அதுவும் வில்லன் குரல்தான், அது வேறு விஷயம்.

அப்புறம் அதே பகுதியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் போடுவேன். பசியோடு நிற்கும் ஒரு சிறுவனுக்கு ஜாஸ்மின் கடையிலிருந்து ஆப்பிள் எடுத்துக் கொடுக்கிறாள். கடைக்காரன் உடனே அவள் கையைப் பலகையில் அழுத்திப் பிடித்து வெட்ட வாளை ஓங்குகிறான். காவலரைக் கூப்பிடுவது எதுவும் கிடையாது, நேராக வெட்டுதான். பெரிய மூக்கு, அடர்ந்த தாடி, தலைப்பாகை எல்லாம் அவன் பக்கம். அலாதீனுக்கு மழமழவென்ற முகம்.

படத்தின் முதல் பாட்டிலேயே, முகம் பிடிக்கவில்லை என்றால் காதை வெட்டிவிடும் ஊர் என்று ஒரு வரி இருந்தது. அமெரிக்காவிலுள்ள அரபு அமைப்பினர் எதிர்ப்புத் தெரிவித்ததால் 1993இல் வீடியோ வந்தபோது அதை மாற்றினார்கள். அடுத்து வரும் ‘காட்டுமிராண்டித்தனம்’ என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். 2019இல் நடிகர்களை வைத்து எடுத்த படத்தில்தான் அது போனது.

பெண்கள் விஷயத்துக்கு வந்தால் கணக்கே போதும். கார்மென் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரண்டு மொழியியலாளர்கள் டிஸ்னி இளவரசிப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். 2016இல் அது செய்தியானது. ‘அலாதீன்’ வசனத்தில் 90 சதவீதம் ஆண்களுடையது. சிண்ட்ரெல்லாவை நாம் அடுப்படி அடிமை என்று கிண்டல் செய்கிறோம், ஆனால் அந்த 1950ஆம் வருஷப் படத்தில் 60 சதவீதம் பேசுவது பெண்கள். ‘எனக்கு மாப்பிள்ளையை நானே தேர்ந்தெடுப்பேன்’ என்று சண்டை போடும் ஜாஸ்மினுக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு பெண்கூட இல்லை, ஒரு புலிதான் இருக்கிறது. அதற்கும் வாய் கிடையாது!

உங்களுக்கும் இப்படி எதுவும் உறுத்தியிருந்தால் எழுதுங்கள்.

ஷார்ஜாவாசி:

எங்கள் ஆபீசில் சிரியாவின் அலெப்போவைச் சேர்ந்த ஒருவர் இருக்கிறார். மதியச் சாப்பாட்டில் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த முதல் பாட்டின் மேல் அவருக்குப் பெரிய கோபம் இல்லை. “அந்தக் கதையைச் சொன்னதே எங்க ஊர்க்காரன், தெரியுமா?” என்று ஆரம்பித்தார். ஹன்னா தியாப் என்ற அலெப்போக்காரர் 1709இல் பாரிஸில் அந்துவான் கல்லான் என்ற பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளரிடம் சொன்ன கதை அது. புத்தகத்தில் அலாதீன் ஊர் சீனா என்றே இருக்கும். “கதை சொன்னவன் என்னை மாதிரிதான் பேசியிருப்பான். படத்தில் என்னை மாதிரிப் பேசுறவன் எவனும் நல்லவன் இல்லை” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் பாட்டுக்குக் குபூஸைப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

பழைய விசிறி:

மன்னிக்கணும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கார்ட்டூனில் எல்லாமே மிகைதான். ஜாஸ்மினின் அப்பா சுல்தானையும் பந்து மாதிரி உருட்டித்தானே வரைந்திருக்கிறார்கள்? ஏழு வயசுப் பிள்ளை வில்லனின் மூக்கையா அளந்து பார்க்கிறது? எங்கள் காலத்தில் ‘ஜங்கிள் புக்’ பார்த்து வளர்ந்தோம், யாரும் கெட்டுப்போகவில்லை.

இரண்டு பெண்களின் அம்மா, கோவை:

அண்ணா, நீங்கள் சொன்ன ‘ஜங்கிள் புக்’கையே (1967) எடுத்துக்கொள்வோம். கடைசியில் ஒரு சின்னப் பெண் குடத்தோடு தண்ணீர் எடுக்க வருவாளே, அவள் என்ன பாடுகிறாள் என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? அப்பா காட்டில் வேட்டையாடுகிறார், அம்மா வீட்டில் சமைக்கிறாள், நான் பெரியவளாகும்வரை தண்ணீர் எடுக்கப் போகணும். பிறகு எனக்கு அழகான கணவன் வருவான், ஒரு மகள் பிறப்பாள், அவளைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு நான் சமைத்துக்கொண்டிருப்பேன். மொத்த வாழ்க்கையும் ஒரே பாட்டில் முடிந்தது! கண்ணைச் சிமிட்டிக் குடத்தை வேண்டுமென்றே உருளவிடுகிறாள், மோக்லி அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஊருக்குள் போய்விடுகிறான்.

கிப்ளிங் 1894இல் எழுதிய புத்தகத்தில் மோக்லியை வளர்க்கும் தாய் ஓநாய், ஷேர்கான் புலியையே எதிர்த்து நின்று விரட்டும். படத்தில் அது சும்மா வந்துவிட்டுப் போகிறது. நான் படத்தை நிறுத்தவில்லை, பாட்டு முடிந்ததும் “அந்தப் பொண்ணுக்கு வேற என்ன ஆசை இருக்கும்?” என்று மட்டும் கேட்டேன். பெரியவள் யோசித்தாள். சின்னவள் உடனே, “புலி பாக்கணும்னு இருக்கும்” என்றாள்.

டப்பிங் கலைஞன், சென்னை:

எல்லாரும் ஆங்கில மூலத்தையே பேசுகிறீர்கள். தமிழில் டப் செய்யும்போது அந்த அரபு வாடையெல்லாம் தானாகப் போய்விடும். ஆனால் அந்த இடத்தில் நம் சரக்கை இறக்கிவிடுகிறோம். நாயகனுக்குச் சுத்தமான பொதுத்தமிழ். கூடவே சுற்றும் காமெடி மிருகத்துக்கு மெட்ராஸ் பாஷை, முரடனுக்குத் தெற்கத்திப் பேச்சு. ரெக்கார்டிங்கில் “இன்னும் லோக்கலா, இன்னும் லோக்கலா” என்று கேட்பார்கள். நானும் கொடுப்பேன், சிரிப்பு வரும், சம்பளமும் வரும். வியாசர்பாடியில் இருக்கும் என் அக்கா மகன் ஒருநாள், “மாமா, நம்மள மாதிரி பேசுற எவனும் ஹீரோவே ஆவமாட்டானா?” என்று கேட்டான். அதிலிருந்து “லோக்கலா” என்றால் எந்த லோக்கல் என்று திருப்பிக் கேட்கிறேன். ஒரு படத்தில் நாயகனின் அப்பாவுக்கே மெட்ராஸ் பாஷை வைத்துப் பார்க்கலாம் என்றேன், ஒத்துக்கொள்ளவில்லை.

விஸ்காம் டீச்சர், திருச்சி:

அடுத்த செமஸ்டரில் கண்ணை மூடிக் கேட்கும் பயிற்சியைத் தமிழ் டப்பிங்குக்கும் வைக்கப்போகிறேன். டப்பிங் தம்பி, நாயகன் ஒரு பேச்சு, மற்றவர்கள் வேறு பேச்சு என்று தெளிவாகத் தெரிகிற படமாக ஒன்று சொல்லுங்கள். நீங்கள் குரல் கொடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது, வகுப்புக்கே கூப்பிடுகிறேன்.