‘எதிர்ப்பி’ வேண்டாம், ‘மறிப்பி’ எப்படி?

அண்ணாச்சி, வணக்கம்.

நீங்கள் போட்ட மருந்தியல் கலைச்சொல் பட்டியலைப் பார்த்தேன். உடம்பின் செய்தியை வாங்கிக்கொள்கிற ரிசெப்டருக்கு ‘ஏற்பி’ என்பதில் மறுபேச்சே இல்லை, பழகிவிட்டது. அந்த ஏற்பியைத் தூண்டவிடாமல் செய்கிற அன்டாகனிஸ்டுக்கு ‘எதிர்ப்பி’ என்று போட்டிருக்கிறீர்களே, அதில்தான் உறுத்தல். ஆன்டிபயாடிக்கை நுண்ணுயிர் எதிர்ப்பி என்கிறோம், சரி, அது கிருமியைக் கொல்லும் அல்லது பெருகவிடாது. அன்டாகனிஸ்டோ யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை, ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

வயலுக்குப் பூச்சிமருந்து அடித்தவரை எச்சில் ஒழுக, வியர்த்துக் கொட்ட, கண்ணின் பாப்பா கடுகாய்ச் சுருங்கித் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து, நரம்பின் செய்தியைக் கொண்டுபோகிற அசிட்டைல்கோலினை உடைக்கிற நொதியை (என்சைமை) முடக்கிவிட, உடையாமல் தேங்கிய அசிட்டைல்கோலின் ஏற்பிகளை விடாமல் தூண்டுகிறது. இதற்குப் போடுகிற அட்ரோபின் ஊசி ஓர் அன்டாகனிஸ்ட்; விஷத்தையும் தொடாது, நொதியையும் மீட்காது. அசிட்டைல்கோலின் தூண்டுகிற ஏற்பிகளில் மஸ்கரினிக் என்ற வகையில் இடம்பிடிக்கும். இடத்துக்குப் போட்டி பலமாக இருப்பதால்தான் நெஞ்சில் கட்டிய நீர் வற்றும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். தசையில் இருப்பது நிகோட்டினிக் என்ற வேறு வகை ஏற்பி, அங்கே அட்ரோபின் பருப்பு வேகாது, அதனால் தசைத்துடிப்பு அடங்காது.

ஜங்ஷனில் சாலை மறியல் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்திருப்பவர் பஸ்ஸை அடிக்கவும் மாட்டார், ஓட்டவும் மாட்டார். அதனால் ‘மறிப்பி’. மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக் 1960களில் கொண்டுவந்த, பீட்டா ஏற்பியில் உட்காரும் இதய மருந்து ப்ரோப்ரனலால் ‘பீட்டா மறிப்பி’ ஆகட்டும். நொதியை முடக்குவது ‘தடுப்பி’, ரத்த அழுத்த மாத்திரை அம்லோடிபின் மாதிரி கால்சியம் நுழைகிற வழியையே அடைப்பது ‘அடைப்பி’. மூன்றையும் குழப்ப வேண்டாம்.

ஏற்பியைத் தூண்டுகிற அகோனிஸ்டுக்கு நீங்கள் போட்ட ‘இயக்கி’ நம்ம பக்கம் எடுபடாது. இயக்கிதானே இசக்கி அம்மன்! ஆஸ்துமா மருந்தைச் சொல்லி, ‘சால்பியூட்டமால் ஓர் இயக்கி’ என்றால் எங்க ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ‘தூண்டி’ போதும்.

அலர்ஜி மாத்திரை செட்டிரிசினில்தான் முட்டி நிற்கிறேன். ஹிஸ்டமின் ஏற்பி யாரும் தூண்டாமலே கொஞ்சம் வேலைசெய்யும், செட்டிரிசின் அதையும் குறைக்கிறது. வாய்க்கால் மடையில் பலகை போட்ட பிறகும் கசிகிற தண்ணீரைக் களிமண் அப்பி நிறுத்துவோமே, அந்த மாதிரி. வெறும் மறிப்பி கசிவைக் கண்டுகொள்ளாது. கசிவையும் குறைக்கிற இந்த இன்வர்ஸ் அகோனிஸ்டுக்கு ‘அமர்த்தி’ சரிவருமா?

---

தம்பி, மறிப்பியை எடுத்துக்கொண்டேன், தூண்டியும் சரி. அமர்த்தி என்றால் தூக்க மாத்திரை என்று நினைத்துவிடுவார்கள், செட்டிரிசின் போட்டால் சிலருக்குத் தூக்கம் வேறு வரும். ‘தணிப்பி’ என்று வைத்துப் பாருங்கள். அப்புறம், இசக்கியை நான் யோசிக்கவே இல்லை.