டெஸ்டிமோனா ஒதெல்லோவை விடக் கறுப்பாக இருந்தால் என்ன?

கேள்வி: தேரிக்காட்டு டீச்சர்

வணக்கம். ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டுக்கு ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ பாடம். கறுப்புத் தளபதி ஒதெல்லோ, தனக்குக் கீழே இருக்கும் இயாகோ ஏற்றிவிடும் சந்தேகத்தால், வெள்ளை மனைவி டெஸ்டிமோனாவைக் கொல்லும் கதை. துறை விழாவுக்கு மூன்றாம் அங்கத்தில் இயாகோ விஷம் ஏற்றும் காட்சியையும் கடைசிப் படுக்கையறைக் காட்சியையும் மேடையேற்றுகிறோம்.

ஒதெல்லோவாக நடிக்கும் பையன் மாநிறம். "நல்லா கறுப்பு அடிச்சு விடுங்க, இல்லாட்டி ஜனங்களுக்கு எப்படிப் புரியும்" என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். அதைக்கூடச் சமாளித்துவிடுவேன். உறுத்துவது வேறு. டெஸ்டிமோனா வசனத்தை வகுப்பிலேயே உயிரோடு பேசுகிற ஒரே பெண், அந்தப் பையனை விடக் கறுப்பு. ஆள் தேர்வு அன்று அவளே, "எனக்கு எமிலியா போதும் மிஸ்" என்று இயாகோவின் மனைவி வேடத்துக்கு ஒதுங்கிக்கொண்டாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அவளுக்கு ஊர் தெரிந்திருக்கிறது.

அவளையே டெஸ்டிமோனா ஆக்கினால் நாடகம் கெட்டுவிடுமா? மேடை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஆட்டக்காரன்

பூசுங்க மேடம், இதுல என்ன இருக்கு? கதகளியில் நளனுக்கும் தருமனுக்கும் பச்சை, சூர்ப்பணகைக்குக் கரி. நிறம் என்பது மேடையில் குணத்தைக் காட்டும் அடையாளம். வேஷத்துக்குக் கறுப்பு பூசலாமா என்ற வெள்ளைக்காரன் சண்டையை நாம் ஏன் இங்கே இழுத்துப் போட வேண்டும்?

பதில்: பேன்கேக் தாத்தா

ஆட்டக்காரன் தம்பி, பச்சை நிறத்தில் பிறந்தவர் யாரும் உலகத்தில் இல்லை. அதனால் பச்சை வெறும் அடையாளமாகவே நிற்கிறது. கறுப்பாகப் பிறந்தவர்கள் அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். வித்தியாசம் அங்கேதான்.

டீச்சரம்மா, நான் சபா நாடகங்களுக்கு மேக்கப் போட்டே தலை நரைத்தவன். அரிதாரம் என் சோறு. ஆகவே பூச்சைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு: பூசிக்கொண்டவனைப் பற்றி அது சொல்வதை விட, பக்கத்தில் நிற்கும் பூசாதவளைப் பற்றித்தான் அதிகம் சொல்லும்.

லண்டன் வைட்ஹால் அரண்மனை விருந்து மண்டபத்தில் 1604 நவம்பர் 1 அன்று ஒதெல்லோ நடந்தது. நமக்குக் கிடைக்கிற முதல் பதிவு அது. இரண்டே மாதம் கழித்து, 1605 ஜனவரி 6, அதே அரண்மனையில் அரசி ஆனும் அவருடைய தோழிகளும் நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் கூத்தில் ஆப்பிரிக்க நதியின் புதல்விகளாக வந்தார்கள். வழக்கமான முகமூடியை விட்டுவிட்டு முகத்திலும் முழங்கை வரையிலும் கறுப்பு பூசிக்கொண்டார்கள். பார்க்கச் சகிக்கவில்லை என்று டட்லி கார்ல்டன் என்பவர் கடிதத்தில் புலம்பியிருக்கிறார். ஸ்பெயின் தூதர் அரசியின் கையில் முத்தமிட்டாராம். அவர் உதட்டில் கறை ஒட்டியிருக்குமே என்பது கார்ல்டனின் கவலை. கதைப்படி அந்தப் புதல்விகள் பிரிட்டனுக்கு வருவதே வெள்ளையாவதற்கு. 1608இல் அதன் தொடர்ச்சியாக வந்த கூத்தில் வெளுத்தும் விட்டார்கள். அழகு என்றால் எந்த நிறம் என்று அன்றே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

கறை ஒட்டும் பயம் அதோடு போகவில்லை. 1881இல் லண்டன் லைசியம் அரங்கில் எட்வின் பூத், ஹென்றி இர்விங் என்ற இரண்டு வெள்ளை நடிகர்கள் ஒதெல்லோ, இயாகோ வேடங்களை மாறி மாறிக் கட்டினார்கள். எல்லன் டெரி டெஸ்டிமோனா. பூத் ஒரு நாள் காலை அவரிடம், "உங்கள் மேல் கறுப்பு படாது, கையைப் பிடிக்கும்போது என் அங்கியின் நுனியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் இர்விங் ஒதெல்லோ. காட்சி முடிவதற்குள் டெரியும் கிட்டத்தட்ட அவர் நிறத்துக்கு வந்துவிட்டாராம். இதை அந்த அம்மாளே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மேக்கப்காரனாக எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசியுங்கள்: காதல் காட்சியில் ஒருவன் மனைவியின் கையைத் துணி வைத்துப் பிடிக்கிறான்.

ஒட்டாத கறுப்பு மேடையேறியபோது என்ன நடந்தது? 1833 மார்ச் 25, கவெண்ட் கார்டன் அரங்கில் ஒதெல்லோவாக நடித்துக்கொண்டிருந்த எட்மண்ட் கீன், இயாகோவாக எதிரே நின்ற தன் மகன் கையிலேயே சரிந்தார். ஏப்ரலில் அந்த வேடத்துக்கு வந்தவர் ஐரா ஆல்ட்ரிட்ஜ், நியூயார்க்கில் பிறந்த கறுப்பர். வெள்ளை நடிகை எல்லன் ட்ரீயை இவர் தொடுவதா என்று ஒரு பத்திரிகை கொதித்தது. இரண்டே ஆட்டம், முடிந்தது. அதே ட்ரீயைக் கரி பூசிய வெள்ளைக்காரன் தொட்டிருந்தால் கலை! மனுஷன் சோர்ந்துவிடவில்லை. ரஷ்யா வரை போய்க் கொடிகட்டிப் பறந்தார். ஷேக்ஸ்பியரின் வெள்ளைப் பாத்திரங்களான லியர், ஷைலாக் வேடங்களுக்கு வெள்ளை பூசிக்கொண்டார். 1867இல் போலந்தின் லோட்ஸ் நகரில் இறந்தார்.

1964இல் ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியே ஒதெல்லோ வேடத்துக்காக உடம்பு முழுக்கக் கறுப்பு பூசி, அதன் மேல் பழுப்பு ஏற்றி, ஷிஃபான் துணியால் மினுமினுக்கும் வரை தேய்த்தார். கைவேலை என்ற அளவில் நான் தொப்பியைக் கழற்றிவிடுவேன். ஆனால் அந்த நாடகத்தைப் படமாகவும் எடுத்தார்கள், அதை இன்று போட்டுப் பார்த்தால் கண் அந்தப் பளபளப்பை விட்டு நகராது. ஒதெல்லோ காணாமல் போய்விடுகிறான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1997இல் வாஷிங்டனில் பேட்ரிக் ஸ்டூவர்ட் பூச்சே இல்லாமல் வெள்ளை ஒதெல்லோவாக நடித்தார். சுற்றியிருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பு நடிகர்கள். வசனத்தில் கறுப்பன் என்று வரும் இடமெல்லாம் அப்படியே கறுப்பன் என்றுதான் பேசினார்கள். நாடகம் கெட்டுவிடவில்லை. பெண்ணைக் கூப்பிட்டு வேடத்தைக் கொடுங்கள். பவுடர் டப்பாவை மட்டும் பூட்டி வையுங்கள்.

பதில்: முல்லைப்பாட்டு

தாத்தா சொல்வதில் பாதி சரி. பூச்சை எடுத்துவிட்டால் இன்னொரு ஆபத்து வரும். நிறப் பேச்சு பார்ப்பவர்களுக்கு ஒட்டாமல் போய், கைக்குட்டை தொலைந்த கதை, சந்தேகப் புருஷன் கதை என்று சுருங்கிவிடும். ஒதெல்லோவைத் தழுவிய 'களியாட்டம்' மலையாளப் படத்தில் (1997) நாயகன் தெய்யம் என்ற தெய்வ ஆட்டம் ஆடும் கீழ்ச்சாதிக்காரன். அதே கதையைத் தழுவிய 'ஓம்காரா' இந்திப் படத்தில் (2006) தாய் வழியில் கீழ்ச்சாதி என்று இழிக்கப்படுபவன். நிறத்தை எடுத்த இடத்தில் சாதியை வைத்தார்கள், அதனால்தான் அங்கே வலித்தது. நீங்கள் எதை வைக்கப்போகிறீர்கள்?

இன்னொன்று. ஹியூ குவார்ஷி என்ற கறுப்பு நடிகர், கறுப்பர்கள் நடிக்கவே கூடாத வேடம் ஒன்று உண்டென்றால் அது ஒதெல்லோதானோ என்று 1998இல் ஒரு உரையில் கேட்டார். கறுப்பன் என்றால் சீக்கிரம் நம்பி, சீக்கிரம் வெறிபிடித்துக் கொல்வான் என்ற எண்ணத்துக்கு நம் உடம்பையே சாட்சியாகக் கொடுக்கிறோமே என்பது அவர் கவலை. 2015இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் அவரே அந்த வேடத்தை ஏற்றார். அந்தத் தயாரிப்பில் இயாகோவாக நடித்த லூசியன் ம்சமாட்டியும் கறுப்பர்தான். யாரைப் போட்டாலும் இந்த நாடகத்தில் ஒரு முள் இருந்துகொண்டே இருக்கும்.

தேரிக்காட்டு டீச்சர்

இருவருக்கும் நன்றி. பெண்ணிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டாள். ஆனால் ஒத்திகையில் முட்டியது. கடைசிக் காட்சியில் ஒதெல்லோ விளக்கோடு வந்து, பனியை விட வெண்மையான அவள் தோலில் கீறல் விழவிடமாட்டேன், சலவைக்கல் போல் வழுவழுப்பானது என்கிறான். கீழே படுத்திருப்பவள் இவள். பையன் அந்த இடத்தில் திணறுகிறான், பின்வரிசையில் சிரிப்பு. வெட்டிவிடட்டுமா?

பேன்கேக் தாத்தா

வெட்டாதீர்கள் அம்மா. முல்லைப்பாட்டு கேட்டதற்குப் பதிலே அந்த வரிதான். மூன்றாம் அங்கத்தில், அவள் பெயர் என் முகம் போலக் கறுத்துப்போனது என்று அவனே சொல்கிறான் பாருங்கள். டெஸ்டிமோனாவின் அப்பா பிரபான்சியோவும் இயாகோவும் பேசின பேச்சு அதற்குள் அவன் வாய்க்கு வந்துவிட்டது. கறுப்பு என்றால் அழுக்கு, வெள்ளை என்றால் கற்பு என்று அவனும் நம்பத் தொடங்கிவிட்டான். எதிரே படுத்திருக்கும் பெண்ணை அவன் கண் பார்க்கவே இல்லை, மனசுக்குள் இருக்கும் சலவைக்கல் சிலையைப் பார்க்கிறான். வெளுத்த பெண் படுத்திருந்தால் இது வெறும் வர்ணனையாகப் போய்விடும். உங்கள் மேடையில் ஜனங்களுக்கே தெரியும்.

பையனிடம் சொல்லுங்கள், அந்த வரியை அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டாம், விளக்கைப் பார்த்துப் பேசட்டும். சிரிக்கிறவர்கள் ஒரு தரம் சிரிக்கட்டும், அவசரப்படாமல் அடங்கும்வரை நிற்கட்டும். அப்புறம் அடுத்த வரி: "ஆனாலும் அவள் சாக வேண்டும்." அதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

விளக்குக்கு நிஜ மெழுகுவர்த்தி வேண்டாம், படுக்கைத் துணி பக்கத்தில் இருக்கிறது. பேட்டரி விளக்கு போதும்.