வெளிச்சுவர்க் குழாய்க்குப் பெயர்: ‘உள்மூடு குழாய்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் இருப்பவர்களுக்கான குளிர்காலக் குறிப்பு ஒன்றில் எழுதுவதற்காக, குளிரில் உறைந்து பிளக்காதபடி செய்த வெளிச்சுவர்த் தண்ணீர்க் குழாய்க்குத் தமிழில் என்ன பெயர் என்று ரொறன்ரோ நண்பர் கேட்டிருந்தார். இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: உறையாக் குழாய், பனிக்காப்புக் குழாய், உள்ளடைப்புக் குழாய். கொழும்பு வெள்ளவத்தையில் எந்தக் குழாயும் உறையப்போவதில்லைதான். ஆனால் இங்கிருந்து பிள்ளைகளிடம் போய்த் தங்கும் அம்மா அப்பாமார்தான் அந்தக் குறிப்பை வாசிக்கப்போகிறார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் வீட்டில் இருப்பவர்கள் அவர்களே. அதனால் அவர்கள் காதில் சொல் எப்படி விழும் என்பதை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். சாதாரண வெளிக்குழாயில் தண்ணீரை நிறுத்தும் வோசர், கைபிடிக்குக் கீழேயே, சுவருக்கு வெளியே இருக்கிறது. தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். உள்ளே பனிக்கட்டி அடைத்துக்கொண்டதும், அதற்கும் மூடிய வாய்க்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீருக்குப் போக இடமில்லை. அழுத்தம் ஏறி ஏறிக் கடைசியில் பித்தளையே பிளந்துவிடும். அதற்குப் பதிலாகப் பொருத்தும் புதிய வகையிலும் கைபிடி வெளியேதான். ஆனால் அதோடு 8 அங்குலமோ 12 அங்குலமோ நீளமான தண்டு ஒன்று சுவரைத் தாண்டி உள்ளே போகிறது. வோசர் அந்தத் தண்டின் நுனியில், வீட்டின் சூடான பக்கத்தில் இருக்கிறது. வெளியே திருகினால் உள்ளே தண்ணீர் நிற்கும். நடுவில் மிஞ்சியது வெளியே வடிந்துவிட வேண்டும். அதற்காகத்தான் தண்ணீர் வெளிவரும் பக்கம் சற்றுச் சரிய வைத்துப் பொருத்துகிறார்கள்.

இப்போது ‘உறையாக் குழாய்’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் அது உறையவே உறையாது என்று நம்பிவிடுவார். ஹோஸைக் கழற்றாமல் விட்டால் இதுவும் உறையும். வடிய வழியில்லாத தண்ணீர் தண்டைச் சுற்றி நின்று, சுவருக்குள்ளே குழலைப் பிளக்கும். வோசர் இன்னும் உள்ளே மூடியிருப்பதால் குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டும் கசியாது. வசந்தத்தில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடத் திறந்த அன்றைக்கு, சுவருக்குள்ளும் நிலவறைக்குள்ளும் கொட்டும். ஒரு பெயரை நம்பி இப்படி நடந்தால் அந்தப் பெயரை வைத்தவர்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

‘பனிக்காப்பு’ வேறு விதமாகக் குழப்பும். நுவரெலியாவில் ஜனவரி அதிகாலையில் புல்லிலும் தேயிலையிலும் வெள்ளையாகப் படிவதைத்தான் நாங்கள் உறைபனி என்கிறோம். அது வெளியே படிவது. இங்கே உறைவதோ குழாய்க்குள் நிற்கும் தண்ணீர். அப்புறம், காப்பு என்றதும் குழாய்க்கு மேல் மாட்டும் ஸ்பொஞ் கவசம்தான் ஞாபகத்துக்கு வரும். அதைக் ‘குளிர்க்கவசம்’ என்று தனியாக வைத்துக்கொள்வோம். ‘உள்ளடைப்பு’ நல்ல நோக்கத்தோடு வந்த சொல், ஆனால் குழாயில் அடைப்பு என்றால் பிளம்பரைக் கூப்பிடுவோம். அது ஆகாது.

என் பரிந்துரை: உள்மூடு குழாய். சுடுநீர், ஊறுகாய் போல வினைத்தொகை. தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கிறது, வேறு வாக்குறுதி எதுவும் தருவதில்லை. இலக்கணப்படி ‘உண்மூடு’ என்று வர வேண்டும் என்பார்கள்; ஆனால் உள்மனம் என்று எழுதிப் பழகிவிட்டோம், அப்படியே இருக்கட்டும். மூடுவதைப் பைப்பைப் பூட்டு என்று நாங்கள் சொல்வதால் ‘உட்பூட்டுக் குழாய்’ என்றும் யோசித்தேன். தமிழ்நாட்டு வாசகருக்கு அது திறப்பு (சாவி) போட்ட குழாயாகத் தெரியும் என்பதால் விட்டுவிட்டேன்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. ‘பைப்பைப் பூட்டிவிட்டு, ஹோஸ் பைப்பைக் கழற்றி, பைப்பில் இருக்கிற தண்ணியை வடிய விடுங்கோ’ என்று வீட்டில் சொல்வோம். எதிரே நின்று கையைக் காட்டிச் சொன்னால் விளங்கும்; தாளில் விளங்காது. குறிப்பு முழுக்கக் குழாய் என்பது திறந்து மூடுவதற்கு மட்டும், குழல் என்பது சுவருக்குள் ஓடுவதற்கு, ஹோஸ் ஹோஸாகவே இருக்கட்டும். வால்வையும் வால்வு என்றே எழுதலாம். சிலர் எழுதும் ‘ஓரதர்’ ஒருவழிப் பாதை என்ற பொருளைத் தருகிறது. இங்கே நாம் பேசும் வால்வு ஒருவழிக்கானது அல்ல.

பழைய குழாயை இன்னும் மாற்றாதவர்களுக்கும் ஒரு சொல் வேண்டும். வெளிக்குழாய்க்குப் போகும் தண்ணீரை நிறுத்த வீட்டுக்குள் இருக்கும் வால்வின் பக்கவாட்டில், விரல்நுனி அளவில் திருகிக் கழற்றும் பித்தளை மூடி ஒன்று சில வால்வுகளில் இருக்கும். வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து, இந்த மூடியைத் தளர்த்தினால் காற்றுப் புகுந்து மிச்சத் தண்ணீர் இறங்கிவிடும். அதற்கு ‘வடிமூடி’ போதும்.

குறிப்பின் வரிகளை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

‘குளிர் தொடங்குமுன் உள்மூடு குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றிவிடுங்கள். புதிதாக வாங்குவதென்றால் முதலில் சுவரின் தடிப்பை அளந்து, வோசர் சூடான பக்கத்தில் வரக்கூடிய நீளத்தைத் தெரிவுசெய்யுங்கள். பழைய குழாய் என்றால் உள்ளே வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து, வடிமூடியைத் தளர்த்தி நீரை வடித்தபின், வெளிக்குழாயைத் திறந்தபடியே விடுங்கள்.’

ஒரு பாகத்துக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. ஹோஸின் அழுக்குத் தண்ணீர் வீட்டுக் குழலுக்குள் திரும்ப உறிஞ்சப்படாமல் இருக்க, குழாயின் தலையில் காற்றை உள்ளே விடும் சிறு அமைப்பு ஒன்று இருக்கிறது. ‘மீளுறிஞ்சு தடுப்பி’ என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன், வாயில் சரியாக வரவில்லை. இதைவிட எளிதாக யாராவது சொல்லுங்கள்.