கைக்கு வந்த வரிசையில் நாலு புத்தகம்: குழப்பம் எனக்கா, வரிசைக்கா?

பக்கம்மடக்கி:
இரண்டு மாதமாக ஒன்றன்பின் ஒன்றாக நாலு புத்தகம் முடித்தேன். திட்டம் எதுவும் கிடையாது. மனிதகுல வரலாறு பேசும் ஹராரியின் சேப்பியன்ஸ், ஹெமிங்வேயின் கிழவனும் கடலும், பூமணியின் வெக்கை நாவல், கடைசியாக உ.வே.சா.வின் தன்வரலாறான என் சரித்திரம்.

சேப்பியன்ஸ் முதல் பாதி பறந்தது. கோதுமையை மனிதன் பழக்கவில்லை, கோதுமைதான் அவனைப் பழக்கியது என்கிற இடத்தில் மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மீதிப் பாதியில் என்ன என்று இப்போது கேட்டால் முழிப்பேன்.

அப்புறம் கிழவன். 84 நாள் மீனே அகப்படாமல் கடலுக்குள் போகிறவன், படகைவிடப் பெரிய மீனோடு மல்லுக்கட்டும்போது அந்தப் பையன் கூட இல்லையே என்று திரும்பத் திரும்ப ஏங்குகிறான். மறுநாளே வெக்கையை எடுத்தேனா, அங்கே 15 வயதுப் பையன் ஒருவன் அப்பாவோடு காடு மலையெல்லாம் ஒளிந்து திரிகிறான். கிழவன் கேட்ட பையன் இங்கே வந்து சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது, கையில் ஒரு கொலையோடு. இரண்டையும் தள்ளித் தள்ளி வாசித்திருந்தால் இது தோன்றியிருக்காது.

என் சரித்திரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். 122 அத்தியாயம். எந்த ஊருக்குப் போனார், யாரிடம் என்ன பாடம் கேட்டார், யார் ஆதரித்தார் என்று போய்க்கொண்டே இருக்கிறது, இரண்டு முறை கைவிட்டு மூன்று வாரத்தில் எப்படியோ முடித்தேன். எல்லாரும் கொண்டாடும் புத்தகம், எனக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை?

அரைத்தூக்கம்:
வெக்கையை இன்னும் தொடவில்லை. கொலை என்று போட்டு உடைத்துவிட்டீர்களே.

பக்கம்மடக்கி:
அது முதல் பக்கத்திலேயே நடந்துவிடும், பயப்படாதீர்கள். முடிவைச் சொல்லவில்லை.

பழம்பிரதி:
என் சரித்திரத்தை நாவல் வாசிக்கிற வேகத்தில் வாசித்திருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். 1940 ஜனவரியில் தொடங்கி ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர் அது, புத்தகமானதே 1950-ல்தான். ஒரு அத்தியாயம் படித்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தவர்களுக்காக எழுதியதை ஒரே மூச்சில் ஏழெட்டு அத்தியாயம் விழுங்கினால் ஊர்ப்பெயர்கள்தான் வாயில் தங்கும். எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, நடுவில் வேறு புத்தகங்களும் ஓடின.

இன்னொன்று. பாதிக்கு மேல், 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே.சா. சந்திக்கிற இடம் நினைவிருக்கிறதா? இவர் தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போக, முதலியார் அசராமல் இதனாலெல்லாம் என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அதுவரை வந்த நூற்றுக்கணக்கான பக்கப் பாடம் கேட்டலையும் அந்த ஒரு கேள்வி தலைகீழாக்கிவிடுகிறது. முந்தைய பகுதி அவ்வளவு நீளமாக இல்லாவிட்டால் அந்த அடி விழாது. 1887-ல் சிந்தாமணியைப் பதிப்பித்து உ.வே.சா. சொன்ன பதில், அந்த ஏழு வருட உழைப்பையும் சேர்த்து வாசித்தால்தான் பதிலாகத் தெரியும். வேண்டுமானால் அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.

குறுக்குக்கோடு:
மேலே சொன்னதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். சலிப்புத் தட்டும் இடங்கள் நிஜமாகவே உண்டு, பெரியவர் எழுதியது என்பதற்காக இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு உறுத்தியது வேறு: 1942 ஏப்ரலில் உ.வே.சா. இறந்துவிட்டதால் கதை 1890களோடு அப்படியே நின்றுபோகிறது. அதற்குப் பிந்தைய 40 வருடம் அவர் கையால் இல்லை. கடைசிப் பக்கம் வந்ததும் அடுத்த பாகம் எங்கே என்று தேடினேன்.

சேப்பியன்ஸ் மறந்துபோனதற்கு வருத்தப்படாதீர்கள், அது வாதம் பண்ணுவதற்கான புத்தகம். ஓரத்தில் 'அப்படியா?' என்று பென்சிலால் கிறுக்கிக்கொண்டே படித்தேன், கிறுக்கிய இடங்கள் மட்டும் நினைவில் நிற்கின்றன.

பக்கம்மடக்கி:
அந்த முதலியார் இடத்தை வேகமாகத் தாண்டியிருக்கிறேன், இப்போது எடுத்துப் பார்த்தால் பக்கம்கூட மடக்கவில்லை. சரி, அங்கிருந்து வாரத்துக்கு இரண்டு அத்தியாயம். ஒன்று என்றால் எனக்குப் பொறுமை இல்லை.