கடற்கரையில் கோடை விளையாட்டு நாள்: காவலுக்கு ஆள் வேண்டுமா?

கேள்வி: மணல் சிற்பம், பட்டம், மிதவைப் போட்டி என்று குடும்பங்களுக்கு ஒரு நாள் ஏற்பாடு செய்கிறோம். பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில்தான் நிற்பார்கள். அதற்கும் காவல் வேண்டுமா?

பதில் 1: கட்டாயம் வேண்டும். இரண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் மட்டும் அமைதியாக, கருத்துத் தெரிகிறதா? பெற்றோர் நம்பிப் பிள்ளையை இறக்குவது அங்கேதான். பெரும்பாலும் அது தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடும் வழி. மாட்டினால் எதிர்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி கையைத் தூக்க வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக நீந்தலாம்.

பதில் 2: காற்றடைத்த மிதவை வேண்டவே வேண்டாம். கரையிலிருந்து கடல் பக்கம் காற்று அடித்தால் பிள்ளையோடு போய்விடும்.

பதில் 3: மணல் குழியையும் பாருங்கள். முழங்கால் ஆழத்துக்கு மேல் தோண்டினால் சரியக்கூடும்.

கேட்டவர்: சரி, உயிர்காப்பாளர் காவல் இருக்கும் இடத்தைக் காட்டும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவிலேயே வைத்துக்கொள்கிறோம். மிதவைப் போட்டி ரத்து. பிள்ளைகளிடம் யார் சொல்வது?