பழைய கணினியை நெட்வொர்க் ஸ்விட்சாக மாற்ற ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பயன்பாட்டில் இல்லாத ஒரு மேசைக் கணினியில் கூடுதல் நெட்வொர்க் கார்டுகளைப் பொருத்தி, பல போர்ட்டுகளை ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் லினக்ஸின் பிரிட்ஜ் வசதியின் மூலம் அதை ஐந்து போர்ட் கொண்ட கிகாபிட் ஸ்விட்சாக (பல கணினிகளைக் கேபிள் வழியே இணைக்கும் கருவியாக) இயக்க விரும்புகிறேன். கடையில் கிடைக்கும் ஸ்விட்ச் இதைவிடக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் என்பதை அறிவேன். ஆயினும், எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) எந்தப் போர்ட்டில் உள்ளது என்று பிரிட்ஜ் கற்றுக்கொள்வதையும், 300 விநாடிகள் தொடர்பில்லாவிட்டால் அதை அட்டவணையிலிருந்து நீக்குவதையும் நேரில் பார்த்துப் பயில்வதே என் நோக்கம்.

வேகம்தான் என் கவலை. கைவசமுள்ள கார்டுகள் பழைய பிசிஐ வகையைச் சேர்ந்தவை. 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் பிசிஐ பஸ் (கார்டுகளைக் கணினியுடன் இணைக்கும் தரவுப் பாதை) விநாடிக்கு அதிகபட்சம் 133 மெகாபைட் அளவே கடத்தும். அதை எல்லாக் கார்டுகளும் பகிர்ந்துகொள்வதாலும், ஒவ்வொரு பாக்கெட்டும் நினைவகத்துக்குச் சென்று திரும்புகையில் இரு முறை அதைக் கடப்பதாலும், இரண்டு கார்டுகளுக்கிடையே கூட முழு கிகாபிட் வேகம் கிடைக்காது.

ஆகவே, நான்கு போர்ட் கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் (ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனிப் பாதை உள்ள புதிய வகை) கார்டு ஒன்றை கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஸ்லாட்டில் பொருத்தி, மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டையும் சேர்த்துக்கொள்ளலாமா? அந்த ஸ்லாட்டில் பிற கார்டுகளை மதர்போர்டு ஏற்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே அறிய வழியுண்டா? லினக்ஸ் பிரிட்ஜில் ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்கில் வளையம் உருவாகாமல் தடுக்கும் வசதி) இயல்பாக அணைந்திருக்கும் என்பதால், கேபிள்களை மாற்றிச் செருகித் தவறுதலாக வளையம் ஏற்பட்டால் நெட்வொர்க்கே முடங்கும்; சிறிய அமைப்பிலும் அதை இயக்கி வைப்பது நல்லதா? இதைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து விளக்கமாகப் பதிலளிக்க வேண்டுகிறேன்.