கடைசி இடத்துல கெடந்த புளூஸ் தொடர்ந்து 11 ஜெயிச்சிருக்கு: கோச்சாலயா, கோலியாலயா?

வடபழனி_டு_வாகன் | 20 பிப்ரவரி 2019

நேத்து நைட்டு நம்ம டொரோண்டோ லீஃப்ஸும் செயின்ட் லூயிஸ் புளூஸும் ஆடுன ஐஸ் ஹாக்கி மேட்ச் யாராச்சும் பாத்தீங்களா? ஓவர்டைம்ல புளூஸ் ஆள் ஓ'ரைலி ஒரு கோல் போட்டு 3-2ன்னு முடிச்சு வுட்டான். எனக்கு தோத்த கடுப்பு ஒரு பக்கம்னாலும், செயின்ட் லூயிஸ்க்கு இது வரிசையா 11வது வெற்றி, அந்த டீம் வரலாறுலயே இதான் ரெக்கார்டுன்னு டிவில சொன்னதும் கொஞ்சம் தூக்கிவாரி போட்டுச்சு. ஏன்னா நான் லீவுக்கு சென்னை போயிருந்தப்ப ஜனவரி ஆரம்பத்துல டேபிள் பாத்தது நல்லா ஞாபகம் இருக்கு, என்.எச்.எல் லீக்ல இருக்கற 31 டீம்ல இவங்கதான் கட்டக்கடைசி. 37 மேட்ச்ல 34 பாயிண்ட். இப்ப பாத்தா பிளேஆஃப் (கப்புக்கான நாக்அவுட் சுற்று) இடத்துக்குள்ள உக்காந்திருக்காங்க.

நான் ஹாக்கி பாக்க ஆரம்பிச்சு ரெண்டு சீசன்தான் ஆகுது, அதனால தெரியாம கேக்குறேன், நடு சீசன்ல ஒரு டீம் இப்படி தலைகீழா மாறுறதுக்கு என்ன காரணம்? ஆபீஸ்ல ஒருத்தர் கோச்ச மாத்துனதுதான்ங்குறார், இன்னொருத்தர் அந்த புது கோலிதான்ங்குறார். (கோலின்னா விராட் இல்லங்க, வலை முன்னாடி மூட்டை மாதிரி நிக்கிறவர்.) இது நிலைக்குமா, இல்ல புஸ்ஸுன்னு போயிடுமா?

ஆர்ச்_நிழல் | 20 பிப்ரவரி 2019

செயின்ட் லூயிஸ்லயே இருக்கேன், ஒன்பது வருஷமா இந்த டீமோட அழுதுட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன் கோச்சுக்காதீங்க.

மொதல்ல ஒண்ணு, இது மோசமான டீமே கிடையாது. போன ஜூலைல ஓ'ரைலிய பஃபலோகிட்ட இருந்து வாங்குனாங்க, போசாக் உங்க லீஃப்ஸ்ல இருந்துதான் வந்தார், பெரான் திரும்ப வந்தார், மரூன் உள்ளூர் பையன். அப்பவே இங்க எல்லாரும் இந்த வருஷம் கப்புன்னு குதிச்சோம். அப்புறம் பாத்தா நவம்பர் 19 அன்னைக்கு லாஸ் ஏஞ்சலஸ்கிட்ட சொந்த ஊர்லயே 2-0 தோத்து, அன்னைக்கு ராத்திரியே கோச் மைக் யோவ வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்ப கணக்கு 7 வெற்றி 9 தோல்வி 3 ஓவர்டைம் தோல்வி. உதவி கோச்சா இருந்த க்ரெய்க் பெரூபேவ இன்டெரிம்னு, அதாவது தற்காலிகமா, உக்கார வச்சாங்க. இவர் ஆடுன காலத்துல 3000 நிமிஷத்துக்கு மேல பெனால்டி பாக்ஸ்லயே (தப்பாட்டத்துக்கு தண்டனையா உக்கார வைக்கிற எடம்) உக்காந்தவர், சண்டைக்காரர். ஆனா கோச்சா பேசுறப்ப குரல் ஏறாது, நேரா சொல்லிடுவார், அவ்ளோதான்.

யோ ஆட்டத்துல எல்லாரும் பக்க (puck, பந்துக்கு பதிலா இருக்கற ரப்பர் வட்டு) வச்சு அழகா பாஸ் பண்ணிட்டே உள்ள போக பாப்பாங்க, நடுவுல பறிகொடுத்துட்டு திரும்ப ஓடி வருவாங்க. பெரூபே அதெல்லாம் வேணாம், பக்க எதிராளி டிஃபென்ஸ் முதுகுக்கு பின்னாடி தள்ளு, பின்னாலயே ஓடி போயி செவுத்தோட வச்சு இடி, பக்க எடு. இதுக்கு பேருதான் ஃபோர்செக். ஃபோர்செக் ஃபோர்செக் ஃபோர்செக். பாக்க அழகா இருக்காது ஆனா மூணாவது பீரியட்ல எதிர் டீம் டிஃபென்ஸ்காரன் பக்க எடுக்க போறப்பவே திரும்பி திரும்பி பாப்பான் பாருங்க, அதுக்காகத்தான் நான் டிக்கெட் வாங்குறேன்.

என்னை கேட்டா கோச்தான்.

சேவ்_கணக்கு | 20 பிப்ரவரி 2019

ஆர்ச் அண்ணே, நீங்க சொன்ன கணக்க வச்சே கழிச்சு பாப்போம். யோ போறப்ப 7-9-3. ஜனவரி 2 ராத்திரி கடைசி இடத்துல இருக்கறப்ப 15-18-4. அப்ப பெரூபே வந்த மொத 18 மேட்ச்ல 8 வெற்றி, 9 தோல்வி, 1 ஓவர்டைம் தோல்வி. கோச் வந்து ஒன்றரை மாசம் ஆயும் பாதிதான் ஜெயிச்சிருக்காங்க. நடுவுல டிசம்பர் 10 பிராக்டிஸ்ல போர்டுஸோவும் சான்ஃபோர்டும் சொந்த டீமுக்குள்ளயே கையுறைய கழட்டி குத்திக்கிட்டாங்க, அந்த வீடியோ ஊரே பாத்து சிரிச்சுச்சு. அப்ப எங்க போச்சு உங்க கோச் மந்திரம்?

எது மாறுச்சுன்னா ஜனவரி 7. அந்த புது கோலி ஜோர்டன் பின்னிங்டன் மொத தடவையா ஆரம்பத்துலருந்து நிக்கிறான், பிலடெல்பியால 3-0, ஷட்அவுட் (ஒரு கோல் கூட விடல). அதுக்கப்புறம்தான் எல்லாமே. கணக்கு சிம்பிள். நூறு ஷாட்ல 90 தடுக்கிற கோலிக்கும் 93 தடுக்கிற கோலிக்கும் கேக்க பெருசா தெரியாது, ஆனா ஒரு மேட்ச்க்கு 30 ஷாட் வருதுன்னா அது கிட்டத்தட்ட ஒரு கோல். ஹாக்கில பாதி மேட்ச் ஒரு கோல்ல முடியுற மாதிரிதான் இருக்கும். தினமும் ஒரு கோல் முன்னாடி வச்சுட்டு ஆட ஆரம்பிச்சா நானே கோச்சா இருந்தாலும் ஜெயிப்பாங்க.

பயமுறுத்த சொல்லல, 2017 ஞாபகம் இருக்கா? பிப்ரவரி 1 அப்ப கோச்சா இருந்த ஹிட்ச்காக்க தூக்குனாங்க, யோ வந்தார், அதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு ரோட் ட்ரிப்புக்கு கூட கூட்டிட்டு போகாம வீட்ல விட்டுட்டு போன கோலி ஜேக் ஆலன் திடீர்னு செவுரு மாதிரி நின்னான், டீம் பிச்சுக்கிட்டு போச்சு. பிளேஆஃப்ல மினசோட்டாவ அடிச்சாங்க, நாஷ்வில்கிட்ட ரெண்டாவது ரவுண்ட்ல காலி. அடுத்த வருஷம் ஒரே ஒரு பாயிண்ட்ல பிளேஆஃப் வாய்ப்பு கைவிட்டு போச்சு. அதே யோ, அதே ஆலன். சூடு ஆறிடும் அண்ணே.

ஸ்கார்பரோ_பெடியன் | 20 பிப்ரவரி 2019

நான் லீஃப்ஸ் ஆள், நேற்றைய வயித்தெரிச்சல் இன்னும் போகேல்ல, எண்டாலும் ஒரு விசயம் சொல்லோணும். நீங்கள் எல்லாரும் அந்தப் பெடியன்ர கதைய விட்டிட்டியள். பின்னிங்டன் எங்கட பக்கத்து ரிச்மண்ட் ஹில் பெடியன். 2011ல மூண்டாம் ரவுண்டில எடுத்தவை, அதுக்குப் பிறகு ஏழு வருசம் கீழ் லீக்கிலயே காயவிட்டவை. போன வருசம் புளூஸுக்கு ஏ.எச்.எல் எண்ட அந்தக் கீழ் லீக்கில சொந்தமா டீமே இல்லை, இவனை வைச்சிருக்க இடமில்லாம கடனா குடுத்திட்டினம், ஆருக்கு? பொஸ்டனுக்கு! அவையின்ர பிராவிடன்ஸ் டீமில போய் விளையாடினவன். இந்த சீசன் தொடங்கேக்கையும் ஆலன், சாட் ஜோன்சன், ஹூஸோ எண்டு மூண்டு பேருக்குப் பிறகு நாலாவதா நிண்டவன். டிசம்பரில ஜோன்சனை வெய்வரில (வேற டீம் விரும்பினா எடுக்கலாம் எண்டு விடுறது) போட அனஹைம் தூக்கிக்கொண்டு போனது, அதாலதான் கதவு திறந்தது.

இதில கோச்சுக்கும் பங்கில்லை, கணக்குக்கும் பங்கில்லை. நாலு மாசம் முந்தி ஆரும் இவனைக் கேட்டா தரமாட்டம் எண்டு சொல்லியிருப்பினமோ? தட்டில வைச்சுக் குடுத்திருப்பினம். மனேஜ்மெண்ட் கெட்டித்தனம் எண்டு பிறகு வந்து ஆரும் எழுதினா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

ஆர்ச்_நிழல் | 20 பிப்ரவரி 2019

@சேவ்_கணக்கு தம்பி, கழித்தல் சரியா போட்டீங்க, ஆனா விட்டது ஒண்ணு இருக்கு. போன வாரம் வரிசையா மூணு ஷட்அவுட் பாத்தீங்களா? அரிசோனா 4-0, கொலராடோ 3-0, மினசோட்டா 4-0. இதுல மூணாவது யாரு நின்னது? ஜேக் ஆலன். நீங்க 2017 கதைல சூடு ஆறிடுச்சுன்னு சொன்ன அதே ஆலன். கோலிதான் காரணம்னா கோலிய மாத்துனா ஒடஞ்சிருக்கணும்ல?

டிஃபென்ஸ பாருங்க. பௌமீஸ்டருக்கு 35 வயசு, இடுப்புல ஆபரேஷன் பண்ணிட்டு வந்தவர், நவம்பர்ல ரொம்ப தடுமாறுனார், ஒரு மேட்ச் வெளிய கூட உக்கார வச்சாங்க, நானே கெழவன் ரிட்டையர் ஆகலாம்னு கத்தியிருக்கேன் (மன்னிச்சுக்கங்க சார்). இப்ப அவரும் பரேய்கோவும் சேந்து எதிர் டீமோட முதல் லைன்ன (அவங்க பெஸ்ட் அட்டாக் ஆளுங்கள) பூட்டி வச்சிடுறாங்க. டாரசென்கோ தோள்பட்டை ஆபரேஷன்ல இருந்து வந்தவன், கை இப்பதான் முழுசா விடுது, நாஷ்வில்ல ஹாட்ரிக் (மூணு கோல்) போட்டு ஓவர்டைம்ல முடிச்சான்ல. ஒடம்பு தேற நேரம் ஆகும், புது ஆட்டம் பழக நேரம் ஆகும். நவம்பர்ல மாத்துன கோச் ஜனவரில தெரியறது ஒண்ணும் அதிசயம் இல்ல. நடவு நட்ட அன்னைக்கே யாராவது அறுப்பாங்களா?

இன்னொண்ணு, பின்னிங்டன் வர்றதுக்கு முன்னாடியே, கடைசி இடத்துல இருந்த அதே ஜனவரி 3, வாஷிங்டன 5-2 அடிச்சாங்க. போன வருஷம் கப் ஜெயிச்ச வாஷிங்டன். அன்னைக்கு நான் அரங்கத்துல இருந்தேன், பக்கத்து சீட்டு ரெண்டும் காலி, ஆனா பெஞ்ச் முகத்துல என்னமோ மாறியிருந்துச்சு.

சேவ்_கணக்கு | 20 பிப்ரவரி 2019

ரெண்டு நாள் கழிச்சு ஐலண்டர்ஸ்கிட்ட தோத்ததையும் சொல்லுங்கண்ணே, அன்னைக்கு பெஞ்ச் முகம் எப்படி இருந்துச்சாம் 😄

ஆனா ஆலன் ஷட்அவுட் பாயிண்ட் ஒத்துக்குறேன். டிஃபென்ஸ் இறுகியிருக்கு, வர்ற ஷாட் எல்லாம் ஓரத்துலருந்துதான் வருது, வலை முன்னாடி தனியா ஒருத்தன் நின்னு போடறது கொறஞ்சிருக்கு. அப்படின்னா ஒண்ணு பண்ணலாம், காரணம் ரெண்டும், ஆனா கோச் டீம நடுத்தரத்துலருந்து நல்ல டீமா ஆக்குனார், கோலி நல்ல டீம 11 வரிசையா ஜெயிக்கிற டீமா ஆக்குனான். அந்த ரெண்டாவது பாதி நிரந்தரம்னு நான் பந்தயம் கட்ட மாட்டேன். டாம்பா பேல 1-0 ஓவர்டைம்ல ஜெயிச்சாங்களே, லீக்லயே பெஸ்ட் டீம், அன்னைக்கு ஷென் ஒருத்தன் போடலன்னா இந்த த்ரெட்டே இல்ல.

வடபழனி_டு_வாகன் | 21 பிப்ரவரி 2019

அடேயப்பா, கேட்டதுக்கு ஒரு சீசனையே போட்டு குடுத்துட்டீங்க. இதுக்கு முன்னாடி நடு சீசன்ல கோச்ச மாத்தி கப் வரைக்கும் போன டீம் இருக்கா?

சேவ்_கணக்கு | 21 பிப்ரவரி 2019

இருக்கு. 2009 பிட்ஸ்பர்க், பிப்ரவரில கோச் தெரியன் போயி பைல்ஸ்மா வந்தார், கப். 2012 லாஸ் ஏஞ்சலஸ், டிசம்பர்ல மாத்துனாங்க, சட்டர் வந்தார், எட்டாவது இடத்துல நுழைஞ்சு கப். 2016 பிட்ஸ்பர்க் மறுபடி, டிசம்பர்ல சலிவன். ஆனா கவனிங்க, அந்த டீம்கள்ல க்ராஸ்பி, மல்கின், கோபிடார், க்விக்னு பெரிய ஸ்டாருங்க இருந்தாங்க, அதுவுமில்லாம புது வருஷத்துல லீக்லயே கடைசில யாரும் கெடக்கல. கோச்ச தூக்கி ஒண்ணும் ஆகாத டீம் லிஸ்ட் இத விட பத்து மடங்கு நீளம், அத யாரும் எழுதறதில்ல.

ஆர்ச்_நிழல் | 22 பிப்ரவரி 2019

நேத்து டல்லாஸ்ல 5-2 தோல்வி. சரி, முடிஞ்சுது 11. @சேவ்_கணக்கு ஒண்ணும் பேசாதீங்க.

சேவ்_கணக்கு | 22 பிப்ரவரி 2019

நான் வாயே தொறக்கல அண்ணே.

ஸ்கார்பரோ_பெடியன் | 12 ஜூன் 2019

இந்தத் த்ரெட்டைத் தேடி எடுக்க அரை மணித்தியாலம் போச்சு. எல்லாரும் முழிச்சிருக்கிறியளோ?

ஆர்ச்_நிழல் | 13 ஜூன் 2019

தூங்குறதா? தெருவெல்லாம் ஹாரன். பிலடெல்பியா பார்ல ஜனவரில நம்ம பசங்க கேட்டு பிடிச்சு போயி வெற்றி பாட்டா வச்சுக்கிட்டாங்களே ஒரு 80ஸ் பாட்டு, அது எங்க தெருவுல நாலு கார்ல ஒரே நேரத்துல நாலு வேற எடத்துல ஓடிட்டு இருக்கு.

கப் நமக்கு! ஃபைனலோட ஏழாவது மேட்ச், பொஸ்டன்லயே 4-1. மொத பீரியட்ல அவங்க 12 ஷாட், நம்ம 4 ஷாட், ஆனா ஸ்கோர் நமக்கு 2-0. ஓ'ரைலி ஒண்ணு, பீரியட் முடிய எட்டு செகண்ட் இருக்கறப்ப பியட்ராஞ்சலோ ஒண்ணு. பின்னிங்டன் 32 சேவ். 1967ல ஆரம்பிச்ச டீம், மொத மூணு வருஷம் ஃபைனல் போயி ஒரு மேட்ச் கூட ஜெயிக்காத டீம், அப்புறம் இத்தனை வருஷம் ஃபைனல் பக்கமே போகாத டீம். எனக்கு ஒன்பது வருஷம்தான், பக்கத்து வீட்டு தாத்தா 67லருந்து பாக்குறாராம், வாசல்ல சேர் போட்டு பேசாம உக்காந்திருக்கார், நான் போயி கைய மட்டும் புடிச்சுட்டு வந்தேன்.

@சேவ்_கணக்கு எங்க?

சேவ்_கணக்கு | 13 ஜூன் 2019

இருக்கேன் இருக்கேன். சூடு ஆறிடும்னு நான் சொன்னது தப்பு, வாபஸ். ஆனா அந்த மொத பீரியட் 12க்கு 4ங்கறத நீங்களே எழுதிட்டீங்க பாத்தீங்களா? அது கோச்சா கோலியா? 😄

(பெஸ்ட் பிளேயர் அவார்ட் ஓ'ரைலிக்கு குடுத்தது மட்டும் எனக்கு ஒப்புதான், கடைசி நாலு ஃபைனல் மேட்ச்லயும் கோல் போட்டிருக்கான். நம்ம ரெண்டு பேரும் மாறி மாறி சண்டை போட்டதுல அவன பத்தி ஒரு வரிக்கு மேல எழுதவே இல்ல.)

வடபழனி_டு_வாகன் | 13 ஜூன் 2019

நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல 😂

ஸ்கார்பரோ_பெடியன் | 13 ஜூன் 2019

பதில் என்னத்துக்குத் தம்பி. ஏப்ரலில எங்கட லீஃப்ஸை ஏழாவது மச்சில அடிச்சு அனுப்பினது இந்த பொஸ்டன்தான். அவையின்ர சொந்த அரங்கத்தில, அவை ஒரு வருசம் சாப்பாடு போட்டு வளர்த்து விட்ட பெடியன் வந்து நிண்டு 32 ஷொட் மறிச்சவன். எனக்கு இது காணும். நான் படுக்கப் போறன், இரவைக்கு ராப்டர்ஸின்ர பாஸ்கெட்பால் மச் இருக்கு.